கடல் இல்லாத ஊரிலிருந்து கடல் தாண்டிப் போய்ச் சாப்பிட்டவை

குடல் குழம்பு, ஈரல், ரத்தப் பொரியல், தலைக்கறி என்று எதையும் விட்டுவைக்காத மதுரைக்காரர்கள், வெளிநாட்டில் தட்டு நிறையக் கடல் உணவு வந்ததும் பின்வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட வந்த சொந்தக்காரர்களிலும் நண்பர்களிலும், "எனக்கு முட்டை போட்ட ஃப்ரைட் ரைஸ் போதும்ப்பா" என்று மெனுவை மூடி வைத்தவர்கள்தான் அதிகம். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மீனோடு நம் ஊருக்கு இருக்கும் பழக்கம் அப்படி. ஆனால் அந்தத் தயக்கத்தைத் தாண்டினால் என்ன கிடைக்கிறது என்பதை நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மதுரைக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், தூத்துக்குடி அதைவிடக் கொஞ்சம் பக்கம். ராத்திரியில் ஐஸ் பெட்டிகளோடு வண்டி ஏறும் மீன் விடியும் முன்னால் கரிமேட்டு மீன் சந்தைக்கு வந்து இறங்கும். பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்குகடல் படகின் மீன் என்றால், பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பது விற்பவருக்கே தெரியாது. அதனால்தான் எங்கள் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல், வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்திப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, தண்ணீர் தெளியும்வரை கழுவுவார். அப்புறம் புளி, மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய். மண்சட்டியில் கொதித்து, ராத்திரி முழுக்க ஊறி, மறுநாள் காலையில் இட்லிக்கு ஊற்றும்போதுதான் அது மீன் குழம்பு. அந்தக் குழம்புக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் முன்னால் நிற்பது புளியும் மிளகாயும். சீலாவுக்கும் பாறைக்கும் விளமீனுக்கும் தனித்தனியாக என்ன ருசி என்று கேட்டால் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஐஸில் வந்த மீனுக்கு இந்தச் சமையல்தான் சரி. தூரம் நமக்குக் கற்றுக்கொடுத்த சமையல் அது.

இன்னொரு பக்கம் கண்மாய் மீன் இருக்கிறது. உயிரோடு துள்ளுவதைப் பார்த்து நாம் வாங்குவது இவற்றைத்தான்: விரால், கெளுத்தி, குரவை, கெண்டை, அயிரை. விரல் நீளம்கூட இல்லாத அயிரையைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் உயிரோடு நல்ல தண்ணீரிலோ பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டுச் சட்டியில் உரசி, அப்படியே முழுசாகக் குழம்பில் போடுகிறோம். தலை, முள், குடல் எல்லாம் சேர்த்து மென்று தின்கிறோம். வெளியூர்க்காரர் ஒருவர் முதல் தடவையாக ஒரு மதுரை மெஸ்ஸில் உட்கார்ந்து, சிவப்புக் குழம்புக்குள் கண் திறந்தபடி கிடக்கும் நூறு குட்டி மீன்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எப்படி இருக்கும்? உலகத்தின் விசித்திரமான மீன் சாப்பாடுகளில் ஒன்று நம் வீட்டுச் சட்டியிலேயே இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் பாதித் தயக்கம் போய்விடும்.

வெளிநாட்டில் கடல் உணவு சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருக்கிற மீன்களோ அவற்றின் உறவு மீன்களோதான் கிழக்கே போகப் போகப் பல தட்டுகளில் வந்துகொண்டே இருக்கின்றன. மீன் நமக்குத் தெரிந்ததுதான். அதற்குச் செய்யும் வைத்தியம்தான் வேறு. அதனால் எங்கே போனாலும் பதார்த்தத்தின் பெயரைவிட மீனின் பெயரைத்தான் முதலில் விசாரிப்பேன். முடிந்தால் சமைக்காத மீனைக் கண்ணால் பார்த்துவிடுவேன்.

சிங்கப்பூரில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். மதுரையிலிருந்து நேரடி விமானம் இருந்ததால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். உணவங்காடி ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது அவன் வாழையிலை போட்ட ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். இலைமேல் விசிறி வடிவத்தில் ஒரு பெரிய துண்டு, அதன்மேல் கருஞ்சிவப்பாகச் சம்பல் என்கிற மிளகாய் விழுது பூசி, அடிப்பக்கம் தீய்ந்து இருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்த சிஞ்சாலோக். பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்தது அது. அம்மா தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தைக் கிள்ளி நாரை இழுத்தார்.

"ஏப்பா, இது திருக்கைதான?"

"ஆமா பெரியம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பிள்ள பெத்தவளுக்கு வைக்கிற மீனு. நாரு நாரா வரும், முள்ளு கிடையாது, குருத்தெலும்புதான். இத எதுக்குடா சுட்டு வச்சிருக்காங்ய?"

அம்மாவுக்குத் திருக்கை என்றால் பூண்டு, மிளகு தட்டிப் போட்ட குழம்பு. சுறா என்றால் புட்டு. இரண்டுமே பால் கொடுக்கும் பெண்களுக்கான பத்தியச் சாப்பாடு. அதைச் சுட்டு, காரச் சம்பல் போட்டு, ராத்திரி பத்து மணிக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவது அவருக்குப் புதிது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றவர் கடைசியில் குருத்தெலும்பையும் மென்றுவிட்டார். "வாடையே இல்லையே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வாடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. திருக்கையும் சுறாவும் கடலின் உப்பைத் தாங்குவதற்காகத் தங்கள் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கின்றன. மீன் செத்ததும் கிருமிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றத் தொடங்கும். நேரம் ஆக ஆக மூக்கைத் துளைக்கும். கரிமேட்டுக்கு வந்து சேரும் திருக்கையில் அந்த வேலை ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும். அதனால்தான் நாம் அத்தனை பூண்டும் மிளகும் போடுகிறோம். ஐஸில் அதிக நாள் கிடக்காத திருக்கையில் மெல்லிய இனிப்பு இருக்கிறது. அது எனக்குச் சிங்கப்பூரில்தான் தெரிந்தது. கொரியாவின் தென்மேற்குக் கடற்கரையில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். திருக்கைக்கு உறவான ஒரு மீனை வேண்டுமென்றே நாள்கணக்கில் வைத்து, அந்த அம்மோனியா வாடை முழுசாக ஏறிய பிறகு சாப்பிடுகிறார்கள். ஹோங்கோ என்று பெயர். பன்றிக்கறி, பழைய கிம்ச்சி (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) இரண்டோடும் சேர்த்து வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். நான் இன்னும் சாப்பிட்டதில்லை. கிடைத்தால் கட்டாயம் சாப்பிடுவேன். ஒரே வாடையை ஒரு ஊர் மறைக்கிறது, இன்னொரு ஊர் விருந்தாக்குகிறது.

சிங்கப்பூரில் மீன் தலைக் கறியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேரளத்திலிருந்து போன எம்.ஜே. கோமஸ் என்பவர்தான் 1949-ல் தன் கடையில் அதை ஆரம்பித்தார் என்று அங்கே சொல்கிறார்கள். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுபவர்கள். அவர்களுக்காக நம் பக்கத்துப் புளிக்குழம்பில் ஒரு பெரிய சங்கரா (ரெட் ஸ்நாப்பர்) வகை மீனின் தலையை முழுசாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அது சிங்கப்பூரின் அடையாளச் சாப்பாடுகளில் ஒன்று. குட்டி இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்துஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ போன்ற கடைகளில் மேசைக்கு மேசை சீனக் குடும்பங்கள் தலையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கன்னச் சதையை எடுத்து வீட்டுப் பெரியவர் தட்டில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் தலை எப்போதும் அப்பாவுக்குத்தான் போகும். அம்மா அன்றைக்கு முதன்முறையாக ஒரு தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தச் சாப்பாடு புதுசா, நம்முடையதா என்று கேட்டால் எனக்கு இரண்டும்தான்.

மிளகாய் நண்டும் சாப்பிட்டோம். 1950-களில் செர் யாம் தியான் என்ற பெண்மணி ஒரு தள்ளுவண்டியில் ஆரம்பித்த பதார்த்தம். தக்காளியும் மிளகாயும் முட்டையும் கலந்த இனிப்புக் குழம்பு. பெயர் பெற்ற அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நண்டில் ஏற்கெனவே இனிப்பு இருக்கிறது, அதன்மேல் இன்னும் இனிப்பு எதற்கு? நம் ஊர் நண்டு ஆம்லெட்டில் நண்டின் இனிப்புக்கு மிளகுதான் எதிரே நிற்கிறது. நான் அந்தக் கட்சி.

பினாங்கில் நிலைமை வேறு. ஜார்ஜ் டவுனில் ஒரு சின்னக் கடையில் அசாம் லக்ஸா வாங்கினேன். கிண்ணத்தில் அடர்ந்த குழம்பு, அதற்குள் கனமான அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா, அந்தப் பக்கத்துக்கே உரிய இஞ்சிப்பூ. கரண்டியில் கருப்பாகத் தேன்பதத்தில் ஒரு இறால் விழுதைத் தனியாக வைத்திருந்தார்கள். முதல் வாய் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். புளி, மீன், மிளகாய். மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்துச் சாற்றிலேயே கரைத்துவிட்டிருந்தார்கள். மீன் எது என்று விசாரித்தால் கெம்புங் என்றார்கள். மறுநாள் மார்க்கெட்டில் தேடிப் போய்ப் பார்த்தேன். நம் கானாங்கெளுத்தி வகை, தெற்கே அயிலை என்பார்களே, அது. மதுரையில் விலை குறைவு என்பதாலேயே மரியாதை குறைவாக நடத்தப்படுகிற மீன். வாடை பிடிக்கவில்லை என்று ஒதுக்குகிறோம். அந்த வாடைக்கே ஆதாரமான எண்ணெய்ச் சத்தைத்தான் பினாங்கு சாற்றின் பலமாக மாற்றியிருக்கிறது. எதிரில் இஞ்சிப்பூவையும் புதினாவையும் நிறுத்தி வாசனையை நேர் செய்திருக்கிறது. ரசம் குடித்து வளர்ந்த யாருக்கும் அந்தக் கிண்ணம் பிடிக்காமல் போகாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். மலேசியா போகும் மதுரைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பச்சை மீனுக்கு வருகிறேன். நம் ஆட்கள் கடைசிவரை தாண்டாத கோடு இதுதான். ஜப்பான் போயிருந்தபோது என் மனைவியும் தாண்டவில்லை. அவள் முடிவை நான் மதிக்கிறேன்.

தோக்கியோவின் பழைய சுகிஜி மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. சுகிஜியில் வெளிச்சந்தைக் கடைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அங்கே ஒரு சின்னக் கடையில் சூரை மீன் துண்டுகளைச் சோற்றுமேல் அடுக்கிக் கொடுத்தார்கள். சூரையை நம் ஊரில் எப்படி நடத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'ரத்தம் அதிகம், கறி மாதிரி இருக்கும்' என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்போம். அங்கே அந்த இனத்தின் பெரிய மீனை வயிற்றுப் பக்கம் தனி, முதுகுப் பக்கம் தனி என்று பிரித்து, வயிற்றுக்கு மட்டும் பல மடங்கு விலை வைக்கிறார்கள். வாயில் வைத்தபோது மீன் வாடை எதுவும் வரவில்லை. முதலில் குளிர்ச்சி, அப்புறம் கொழுப்பு, கடைசியில் லேசாக இரும்பின் சுவை. மெல்லவே வேண்டாம். முதுகுத் துண்டுதான் எனக்கு அதிகம் பிடித்தது. கொழுப்பு குறைவு என்பதால் மீனின் ருசி நேராகத் தெரிகிறது.

பச்சை மீன் என்றால் கடலில் பிடித்து நேரே தட்டில் வைப்பது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஜப்பானில் விற்கும் சூரையில் பெரும்பகுதி கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரி அளவுக்கு உறையவைக்கப்பட்டு வருவது. கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். அதைக் கொல்ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து 15 மணி நேரம். இது வீட்டு ஃப்ரீசரில் நம்பிச் செய்கிற வேலை இல்லை. ஆகவே ஊர் திரும்பிய ஆசையில் கரிமேட்டில் வாங்கிய மீனை நறுக்கிப் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கண்மாய் மீன் அதைவிடக் கூடாது. வடகிழக்குத் தாய்லாந்தில் நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்திச் சாப்பிடும் பழக்கத்தால் ஈரல் புழு உடம்புக்குள் போய், பித்தநாளப் புற்றுநோய்வரை கொண்டுபோய் விட்டிருப்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். நம் அப்பத்தாக்கள் கண்மாய் மீனைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்ததில் பெரிய அறிவு இருந்திருக்கிறது. எங்கே பச்சை, எங்கே வேகவைத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பயத்துக்கு வேலை இல்லை.

ஜப்பானில் என்னை அதிகம் பாதித்தது பச்சை மீன்கூட இல்லை, ஒரு கட்டைதான். கத்சுவோபுஷி. வரிச்சூரையை வேகவைத்து, முள் எடுத்து, நாள்கணக்கில் விட்டுவிட்டுப் புகைபோட்டு, விறகுக்கட்டை அளவுக்குக் கெட்டியாகும்வரை உலர்த்துகிறார்கள். இழைப்புளி வைத்த பெட்டியில் அதைச் சீவினால் காகிதச் சுருளாக வரும். அந்தச் சுருளையும் கொம்பு என்கிற கடற்பாசியையும் வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம். 1908-ல் கிக்குனாயே இக்கேதா என்ற விஞ்ஞானி கொம்புவிலிருந்து ருசி கூட்டும் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். 1913-ல் ஷிந்தாரோ கோதாமா இந்தச் சூரைக் கட்டையில் அதேபோல் ருசி கூட்டும் இனோசினேட்டைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்காகும் என்று பின்னால் தெரியவந்தது. கடைக்காரர் எனக்கு ஒரு சீவலைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். மோந்ததும் எனக்கு ராமேஸ்வரத்துக் கடைத்தெரு ஞாபகம் வந்துவிட்டது. மாசிக் கருவாடு! மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அதே சூரையை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வது. நம் கடற்கரையில் அதை இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைப்பார்கள். இலங்கையில் மாசி போடாத சம்பலே குறைவு. எவ்வளவோ தூரம் தள்ளியிருக்கும் இரண்டு கடற்கரைகள் ஒரே மீனுக்கு ஏறக்குறைய ஒரே பக்குவத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஊர் திரும்பியதும் அம்மா மாசியைத் தட்டிப் போட்டுத் தண்ணிக் குழம்பு ஒன்று வைத்தார். இப்போது எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடக்கிறது.

ஆக்டோபஸ் உருண்டை, கடல் முள்ளெலி முட்டை, சிப்பி ஆம்லெட் என்று சாப்பிட்டவை இன்னும் இருக்கின்றன. ஆக்டோபஸ் நம் கடலிலும் உண்டு, பேய்க்கணவாய் என்பார்கள். மதுரைக்கு அது வருவதே அபூர்வம். முள்ளெலி முட்டை இரண்டாவது தடவைதான் எனக்குப் பிடித்தது. அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பிடாமல் விட்டவற்றைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். சுறாத் துடுப்புச் சூப்பை எங்கும் தொடமாட்டேன். துடுப்புக்காக மட்டும் சுறாவைக் கொல்வது எனக்கு ஒப்பவில்லை. உயிரோடு நெளிவதைத் தட்டில் வைத்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். அந்த ருசிக்காக அது துடிக்க வேண்டியதில்லை. கடலட்டையில் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவில் அள்ளிக்கொண்டு போய் அழித்துவிடுவார்கள் என்றுதான் இந்தியாவில் 2001-லிருந்து கடலட்டை பிடிப்பதற்கே தடை. ஆனாலும் ராமநாதபுரம் கரையில் கடத்தலில் பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்தவனால் ஒரு சீன விருந்தில் அது வழவழவென்று தட்டில் வந்தபோது சாப்பிட முடியவில்லை. பண்ணையில் வளர்த்ததாக இருக்கலாம், இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத இடத்தில் விட்டுவிடுவதே எனக்குச் சரி என்று பட்டது.

இன்னொன்று ஒவ்வாமை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தென்கிழக்கு ஆசியாவில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் சம்பலில், சாற்றில், கீரைப் பொரியலில்கூட இறால் விழுது இருக்கும். உள்ளூர் மொழியில் 'எனக்கு இறால், நண்டு ஆகாது' என்று எழுதிய துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, நான் சாப்பிட்டவற்றிலேயே எனக்கு மிகவும் புதிதாக இருந்த கடல் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எனக்குப் பரிமாறியவர்கள் தமிழ்தான் பேசினார்கள். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேராகப் பறக்கலாம். அங்கிருந்து ரயிலில் வடக்கே போனால் ஒரு பகல் பயணத்தில் யாழ்ப்பாணம். பழக்கமான ஒரு குடும்பம் எங்களைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தது. முற்றத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, பெரிய பானை ஏற்றியிருந்தார்கள். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, ஒரு கைப்பிடி புழுங்கலரிசி எல்லாம் வெந்துகொண்டிருந்தன. அதற்குமேல் மீன் தலைகள், அப்புறம் உடைத்த நண்டு, இறால், கணவாய். எதையும் தனித்தனியாகச் செய்யவில்லை, கடலில் இருந்து வந்தது எல்லாம் ஒரே பானையில். செத்தல் மிளகாயை (காய்ந்த மிளகாய்) அரைத்துக் கரைத்து ஊற்றினார்கள், பழப்புளியும் விட்டார்கள். கடைசியில்தான் ஒடியல் மா. பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் அது ஒடியல். அதை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரைக் கொட்டிக் கசப்பை எடுத்துவிட்டுக் கூழில் கரைத்து விடுகிறார்கள். கூழ் தடித்து வரும்போது முருங்கையிலை.

பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். "ஆறவிடாமல் குடியுங்கோ தம்பி, சூடு போனால் கூழ் சரிவராது" என்றார் அந்த வீட்டு அக்கா. ஒரு வாயில் நண்டின் இனிப்பு, அடுத்த வாயில் பலாக்கொட்டையின் மாவுத்தன்மை, இடையில் பனங்கிழங்கின் அந்த லேசான கசப்பு. நெற்றி வேர்த்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சின்னப் பிள்ளைகள் முதல் தொண்ணூறு வயதை ஒட்டிய பாட்டிவரை எல்லோரும் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து பலர் பல நாடுகளுக்குப் போய்விட்டார்கள் என்றும், ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது கூழைத்தான் என்றும் பாட்டி சொன்னார்.

அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். மீனும் நண்டும் அவருக்குத் தெரியும், புளியும் தெரியும், பனங்கிழங்கும் தெரியும். தைப் பொங்கல் சமயத்தில் மதுரைத் தெருக்களில் கரும்பு, மஞ்சளோடு பனங்கிழங்கும் கட்டுக்கட்டாக விற்கும், மஞ்சள் போட்டு அவித்துத் தின்போம். ஆனால் அதைப் பச்சையாகக் காயவைத்து மாவாக்கலாம் என்றோ, அந்த மாவில் மீனைப் போடலாம் என்றோ அவருக்குத் தெரியாது. "இத்தன வருசம் இத நாம ஏன்டா செய்யல?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பனை நம்மிடம் இருந்தது, ஆனால் பனை நின்ற இடத்திலேயே கடல் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

இந்தத் தை மாதம் அம்மா பனங்கிழங்கைப் பச்சையாகவே வாங்கி, இரண்டாகக் கிழித்து, மொட்டை மாடியில் காயவைத்தார். நன்றாகக் காய நாள் பிடித்தது. வெயில் நன்றாக இருந்ததால் பூஞ்சை பிடிக்கவில்லை. மாவை ஊறவைக்கும் தண்ணீரை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக மாற்றினால் கசப்பு அளவாக நிற்கிறது என்று செய்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மதுரைக்கு வரும் நண்டும் இறாலும் கூழுக்குத் தேறாது. அதனால் மாவைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். தடை முடிந்து படகுகள் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். முதலில் சொன்ன ஃப்ரைட் ரைஸ்காரர்களும் அதில் உண்டு. நண்டு இரண்டு கிலோ, ஒரு பெரிய பாறைத் தலை, கணவாய் கொஞ்சம் என்று கரிமேட்டில் இப்போதே சொல்லி வைத்தாகிவிட்டது. பலாக்கொட்டை சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.